திரைப்படத் தொகுப்பிற் காட்சிச் சந்தி

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்துக்கு அணித்தாக, விளாச்சேரி என்னும் ஊர் உளது. மண்பொம்மை செய்யும் குடும்பத்தினர் பலர் ஆண்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். விநாயக சதுர்த்திக்குப் பிள்ளையாரும், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளும், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குக் குடில் உருவங்களும் அவர்தம் கைகளினின்று புறப்படுகின்றன. அவ்வூரைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் ஓடும் ஒரு சிறு படம் எடுக்க, மாணவர் நால்வராகிய யாம் சென்ற பருவத்தில் முற்பட்டோம். படம் பிடிப்பதே அரிது, பிடித்தவற்றைக் கணிப்பொறியில் வைத்து இணைப்பது எளிது என்று எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதைப் பின்னர் அறிந்தோம். ஒரு காட்சியின் ஈறும் மற்றொரு காட்சியின் முதலும் கூடும் இடத்திலேதான் படத்தின் பொருள் பெரிதும் பிறக்கின்றது; அதன் வாய்மை கெடுவதும் அவ்விடத்திலேயே. ஆதலின், அக்கூடலின் வகைகளையும், அவற்றைச் செய்யும் முறையினையும், செய்யுங்கால் நினைவிற் கொள்ளவேண்டியதொரு கடமையினையும் எம் அறிவிற்கு எட்டிய அளவில் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

தமிழிலக்கணம் பயிலும் மாணவர்க்கு இப்பொருள் முற்றும் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நிலைமொழியும் வருமொழியும் கூடுமாற்றை இயல்பென்றும் விகாரமென்றும் இரண்டாகப் பகுத்து, விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக விரிக்கின்றது. பொன்னும் மலையும் சேர்ந்து 'பொன்மலை' ஆகுங்கால் ஒரு மாறுதலும் இல்லை. வாழையும் பழமும் சேர, இடையே ஒரு பகரம் தோன்றுகின்றது. பொன்னும் குடமும் சேர, னகரம் றகரமாகத் திரிகின்றது. மரமும் வேரும் சேர, மகரம் கெடுகின்றது. இந்நான்கிற்கும் ஒத்த நான்கு கூடல்கள் படத்தொகுப்பிலும் உள.

முதலாவது, இயல்பாய்க் கூடுதல். ஒரு காட்சி முடிந்த மறுகணமே அடுத்த காட்சி தொடங்கும். இதனைக் 'கட்' என்பர். தமிழில் வெட்டு எனலாம். நாம் காணும் திரைப்படங்களிற் பெரும்பாலான கூடல்கள் இவ்வகையினவே. குயவர் தலையை நிமிர்த்திப் பார்க்கின்றார்; அடுத்து, அவர் பார்த்த சூளையைக் காண்கின்றோம். இங்கே வேறொன்றும் வேண்டுவதில்லை. பார்ப்பவர் கண்ணும் மனமும் அவ்விரண்டையும் தாமே பிணைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, தோன்றல். இரண்டு காட்சிகளிலும் இல்லாத ஒன்று இடையே தோன்றுவது இது. முன்னைக் காட்சி மெல்ல இருண்டு, ஒரு கணம் திரை கருமையாகி, அவ்விருளினின்று பின்னைக் காட்சி ஒளிபெற்று எழும். இதனை 'ஃபேட்' என்று வழங்குவர். ஓர் இயல் முடிந்து மற்றோர் இயல் தொடங்குவதை நூலில் வெற்றுப் பக்கம் உணர்த்துமாறு போல, இவ்விருள் ஒரு பகுதி முடிந்ததென்பதை உணர்த்தும்.

மூன்றாவது, திரிதல். முன்னைக் காட்சி கரையக் கரையப் பின்னைக் காட்சி அதனூடே தெளிந்துவரும். இதுவே 'டிஸால்வ்' எனப்படுவது, கரைவு என்னலாம். ஈரமண் பொம்மை கரைந்து உலர்ந்த பொம்மையாகுமாயின், இடையே நாட்கள் சில கழிந்தன என்பதை ஒருவர் சொல்லாமலே நாம் அறிகின்றோம். பிரெஞ்சு நாட்டவராகிய ஜார்ஜ் மெலியே 1899இல் எடுத்த 'சிண்ட்ரெல்லா' என்னும் படத்திலேயே இவ்வுத்தி ஆளப்பட்டுளது.

நான்காவது, கெடுதல். ஒரே காட்சியின் நடுவே ஒரு பகுதியை நீக்கி, எஞ்சிய இரண்டையும் ஒட்டிவிட, உருவம் ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குக் குதித்தாற்போலத் தோன்றும். இதனை 'ஜம்ப் கட்' என்பர். முன்னாளிற் பிழையெனக் கருதப்பட்ட இதனை, கோதார் என்பார் 1960இல் வெளிவந்த 'பிரெத்லெஸ்' என்னும் படத்தில் வேண்டுமென்றே பலவிடத்தும் ஆண்டு, ஒரு நடையாகவே ஆக்கிவிட்டனர்.

இவையன்றி உடம்படுமெய் போல்வதொன்றும் உண்டு. 'மணி', 'அழகு' என்னும் இரண்டு சொற்களின் உயிர்கள் நேரே முட்டாதவாறு இடையே ஒரு யகரம் வந்து உடம்படுத்தல்போல, இரு காட்சிகளை ஒலியொன்று வந்து உடம்படுத்துவதுண்டு. சூளையைக் காட்டுவதற்கு ஒரு நொடி முன்னரே, அதில் எரியும் விறகின் ஒலியை முன்னைக் காட்சியின்மேல் எழச் செய்தால், கண் செல்லுமுன் செவி சென்றுவிடும், வெட்டு உறுத்தாது. 1945இல் வெளிவந்த 'மீரா' என்னும் தமிழ்ப்படத்தைக் கண்டோர் இதன் ஆற்றலை உணர்வர். அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அப்படத்திற் சிறுமி மீராவாகத் தோன்றும் ராதா, ஒரு பாடலின் போக்கிலேயே, மதுரையிற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமியாக வளர்ந்துவிடுகின்றாள். ஆண்டுகள் பல கழிகின்றன; பாடலோ அறுபடுவதில்லை. அப்பாடலே பாலமாகின்றது.

இனி, இவற்றைச் செய்யும் முறையினைக் கூறுவோம். திரைப்படம் நொடிக்கு 24 படச்சட்டங்களாக ஓடுகின்றது. ஃப்ரேம் எனப்படும் அப்படச்சட்டமே தொகுப்பாளருக்கு மாத்திரை. படச்சுருள் வழங்கிய காலத்தில், வெட்டுக்குக் கத்தரியும் பசையும் போதியனவாயிருந்தன. கரைவு வேண்டின், சுருளைக் கூடத்துக்கு அனுப்பி, அதற்கெனவுள்ள அச்சுப்பொறியில் இரண்டையும் ஒன்றன்மேலொன்றாகப் பதிவித்துப் பெறல் வேண்டும். அதற்குப் பொருட்செலவும் காலச்செலவும் மிகுதி. ஆகவே, இவ்விடத்திற் கரைவு வேண்டுமா என்று பன்முறை எண்ணிய பின்னரே எழுதி அனுப்புவர். இக்காலத்தோ, டாவின்சி ரிசால்வ், பிரீமியர், கேடென்லைவ் போன்ற மென்பொருள்களில் இரு துண்டுகளின் எல்லையைச் சுட்டி ஒரு விசையை அழுத்தின் கரைவு அமைந்துவிடுகின்றது. உருளும் திரை, புரளும் ஏடு, சுழலும் சதுரம் எனப் பலவகை மாற்றங்களும் அங்கே அணியணியாகக் காத்துக்கிடக்கின்றன. எண்ணுதற்கிருந்த அவகாசம் ஒழிந்தது. எம் முதற் படியில் ஏறத்தாழ எல்லாக் கூடல்களிலும் இவற்றுள் ஒன்றையேனும் இட்டு மகிழ்ந்தோம். மறுநாட் பார்த்தபோது, எந்நேரமும் கதவு திறந்து மூடிக்கொண்டிருக்கும் வீட்டிலிருப்பதுபோல இருந்தது.

கரைவின் அமைப்பு இது. முன்னைத் துண்டின் ஒளிபுகா வலிமை நூற்றினின்று படிப்படியே சுழியமாகக் குறைய, பின்னைத் துண்டின் வலிமை சுழியத்தினின்று நூறாக ஏறும். நடுவிடத்தில் இரண்டும் செம்பாதி. ஆகவே கரைவு நிகழும் நேரமெல்லாம் இரண்டு துண்டுகளும் ஒருங்கே ஓடவேண்டும். 24 படச்சட்டக் கரைவொன்றை எல்லையின் நடுவே வைப்போமாயின், முன்னைத் துண்டு எல்லைக்கு அப்பாலும் 12 படச்சட்டம் நீள வேண்டும். பின்னைத் துண்டு எல்லைக்கு இப்பாலும் 12 படச்சட்டம் உடையதாதல் வேண்டும். கரைவை எல்லையிலேயே தொடங்கச் செய்தாலோ, முன்னைத் துண்டிற்கே 24 படச்சட்டமும் மிகுதியாக வேண்டப்படும்.

மதுரை மல்லிகை தொடுப்பாரைப் பார்த்திருப்பவர்க்கு இது எளிதில் விளங்கும். நார் பற்றுவது இதழையன்று, காம்பினை. காம்பொடு கொய்யாத பூ எத்துணை மணமுடையதாயினும் சரத்தில் ஏறாது. துண்டின் இருபுறமும் விடப்படும் அம்மிகுதியே காட்சியின் காம்பு. காம்பின்றிக் கரைவை இட முயன்றால், சில மென்பொருள் 'இயலாது' என்று மறுக்கும். சில, கடைசிப் படச்சட்டத்தையே அசைவின்றி நிறுத்தி வைத்து இடத்தை நிரப்பும். பின்னதே தீது, சக்கரத்தைச் சுழற்றும் கை நடுவிற் கல்லாய்ச் சமைந்ததுபோல் ஒரு கணம் நிற்கும். இக்குறை தொகுக்குமிடத்திற் பிறப்பதன்று. படம் பிடிக்குமிடத்திற் பிறப்பது. ஆதலின், வேண்டிய செயல் தொடங்குமுன் மூன்று நொடியும், முடிந்தபின் மூன்று நொடியும் கருவியை ஓடவிடுதல் நன்று. விளாச்சேரியில் முதல் நாள் யாம் இதனைச் செய்யாமையால், மீண்டும் ஒருமுறை பேருந்தேற நேர்ந்தது.

கரைவின் நீளமும் ஒரு மொழியே. 12 படச்சட்டம், அஃதாவது அரை நொடி, கண்ணுக்கு மென்மையாய்த் தோன்றும். காலம் கழிந்ததென்று உரக்கச் சொல்லாது. 24 படச்சட்டம் காலத்தின் கழிவைத் தெளிவாய் உணர்த்தும். 48 படச்சட்டமோ நினைவையும் துயரையும் கொணரும். மென்பொருள் தானாக இடும் அளவு பெரும்பாலும் ஒரு நொடியே; அதனை அப்படியே விட்டுவிடுவது, எல்லாச் சொல்லையும் ஒரே குரலிற் படிப்பதனை ஒக்கும்.

ஒலியின் கூடலையும் மறத்தலாகாது. இரண்டு வெவ்வேறு ஒலிகளுள் ஒன்று நேர்கோடாய்க் குறைய மற்றொன்று நேர்கோடாய் ஏறின், நடுவிடத்தில் ஒலி தளர்ந்து ஒரு பள்ளம் விழுந்தாற்போலச் செவிக்குப் படும். அப்பள்ளம் தோன்றாதவாறு வளைகோடாய் ஏற்றி இறக்கும் முறையும் மென்பொருளில் உண்டு. 'கான்ஸ்டன்ட் பவர்' என்பது அதன் பெயர். ஓரிடத்துப் பின்னணி ஒலியினின்று மற்றோரிடத்துப் பின்னணி ஒலிக்குச் செல்லுங்கால் அதனையே கொள்ளுதல் தகும்.

அணிகலன்கள் இத்துணை இருக்கவும், வல்லோர் கைக்கொள்வது பெரும்பாலும் வெறும் வெட்டினையே. டேவிட் லீன் 1962இல் அளித்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில், கதைத்தலைவன் எரியும் தீக்குச்சியை ஊதியணைக்க, மறுகணமே பாலைவனத்து வைகறை விரிகின்றது. அவ்விடத்திற் கரைவு வைப்பதாகவே முதலில் எண்ணியிருந்தனர். கரைவு பதிவாகுமுன் இரு துண்டுகளும் நேரே ஒட்டப்பட்டிருந்ததைத் திரையிற் கண்டபோது, அதுவே சிறந்ததெனத் தேர்ந்தனர். அதன் தொகுப்பாளரான ஆன் கோட்ஸ் அம்மையார் அப்படத்துக்காக ஆஸ்கார் விருதும் பெற்றனர்.

அத்துணைத் தொலைவு செல்லவேண்டுவதுமில்லை. எம் மதுரைச் சீமையைக் களனாகக் கொண்ட இரண்டு படங்கள் சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்துள. அமீர் இயக்கிய 'பருத்திவீரன்' என்னும் படத்தைத் தொகுத்த ராஜா முகமது 2006ஆம் ஆண்டுக்குரிய விருதையும், வெற்றிமாறன் இயக்கிய 'ஆடுகளம்' என்னும் படத்தைத் தொகுத்த கிஷோர் 2010ஆம் ஆண்டுக்குரிய விருதையும் பெற்றனர். ராஜா முகமதுவே தொகுத்த 'சுப்பிரமணியபுரம்' என்னும் படமும் மதுரைக் கதையே. 2008இல் வெளிவந்த அது, சிறையினின்று ஒருவன் விடுதலையாகும் நிகழ்காலத்தில் தொடங்கி, 1980க்குப் பின்னோக்கிச் செல்கின்றது. இருபத்தெட்டாண்டுகளை ஒரு கூடலிற் கடத்தல் எத்துணைப் பொறுப்புடைய செயல் என்பதை அங்கே காணலாம்.

இனி, மேலே சுட்டிய கடமையினைப் பற்றிச் சில சொல்வோம். சந்தி வெறும் ஓசை நயம் அன்று. பொருளை ஆக்கவும் மாற்றவும் வல்லது. 'வேலை கொடு' என்பான் தொழில் கேட்கின்றான். 'வேலைக் கொடு' என்பான் படைக்கலம் கேட்கின்றான். இடையே உள்ளது ஓர் ஒற்றே. படத்திலும் அவ்வாறே. உருசிய நாட்டுக் குலெஷோவ் என்பார், 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரு நடிகரது உணர்ச்சி காட்டா முகத்தினை உணவுக் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் ஆகிய காட்சிகளோடு தனித்தனியே கூட்டிக் காட்டினர் என்பர். முகம் ஒன்றேயாகவும், கண்டோர் அதிற் பசியும் துயரும் வேட்கையும் வேறுவேறாகக் கண்டனர். முகத்தில் இல்லாததைக் கூடல் உண்டாக்கிவிட்டது.

எம் படத்தில் யாமும் அதனைச் செய்தோம். முதியவரான ஒரு பொம்மைக் கலைஞர், தம் தொழிலைப் பற்றிப் பேசுங்கால், "மகன் இந்த வேலைக்கு வரலை தம்பி. டவுன்ல வேலை பாக்குறான்" என்றனர். சற்றே நிறுத்தி, "எனக்கு அதுல வருத்தமில்லை. படிச்சிட்டான்ல" என்று சொல்லிச் சிரித்தனர். பின்னைச் சொற்களை யாம் நீக்கினோம். முன்னைச் சொற்கள் முடிந்ததும், அவர் முகம் 48 படச்சட்டக் கரைவில் மறைந்து, தீயவிந்த சூளையின் சாம்பலாகத் தெளிந்தது. அதன்மேல் ஒலியின்மையைப் பரப்பினோம். விடுதியில் அதனைக் கண்ட நண்பர் சிலர் கண் கலங்கினர். யாமும் எம் திறத்தை வியந்துகொண்டோம். ஒரு சொல்லையும் யாம் புனையவில்லை. அவர் சொன்னதையே காட்டினோம் என்பது எம் துணிபு.

பின்பு அப்படத்தை அவர் வீட்டுத் திண்ணையில் அவருக்கே காட்டினோம். அவர் இறுதிவரை வாளாவிருந்து பார்த்தனர். பார்த்து முடித்தபின், "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் அழுகலையே. என்னைய ஏன் அழ வச்சிருக்கீங்க? மகன் பாத்தா என்ன நினைப்பான்?" என்றனர். அதற்கு எம்மிடம் விடையில்லை. "மன்னிச்சிருங்க ஐயா" என்பதன்றி வேறொன்றும் சொல்ல வாய் எழவில்லை.

அன்றிரவே அக்கூடலைப் பிரித்தோம். நீக்கிய சொற்களையும் சிரிப்பினையும் மீட்டும் இருந்தவிடத்தே வைத்தோம். கரைவை அகற்றி, வெறும் வெட்டினால், மண் பிசையும் அவர் கைகளோடு இணைத்தோம். படம் ஒன்பது நொடி நீண்டது. முன்னர்க் கண் கலங்கிய நண்பர் இப்போது கலங்கவில்லை. ஆயினும், மகன் கற்றதில் மகிழும் ஒரு தந்தை அவர்க்குத் தெரியலானார். அத்தந்தையே உண்மையில் விளாச்சேரியில் இருப்பவர்.

இதனின்று யாம் கற்றவற்றை, இக்கலை பயில விரும்பும் மாணவ நண்பர்க்குத் தொகுத்துக் கூறுவோம். முதலில், படம் முழுதையும் வெட்டுக்களாலேயே இணைத்து, முதலினின்று இறுதிவரை நிறுத்தாது பார்த்தல் வேண்டும். பின்னர், உறுத்தும் கூடல்தோறும் மூன்று வினாக்களை எழுப்புக: இங்கே இடம் மாறுகின்றதா? காலம் மாறுகின்றதா? பொருள் மாறுகின்றதா? மூன்றும் இல்லையேல், உறுத்துவது கூடலின் வகையன்று, கூட்டும் இடமே. எல்லையைச் சில படச்சட்டம் முன்னோ பின்னோ நகர்த்துதல் போதும். இடம் மட்டும் மாறின், ஒலியை முன்னே செலுத்திப் பார்த்தல் நன்று. காலம் கழிந்ததாயின் கரைவு தகும். ஒரு பொருள் முற்றுப்பெற்றதாயின் இருள் தகும். புரளும் ஏடும் சுழலும் சதுரமும் திருமண வீட்டுப் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பொருந்துமேயன்றி, வாழ்க்கையைக் காட்டும் படத்திற் பெரும்பாலும் பொருந்தா.

நான்காவதாக ஒரு வினாவும் உண்டு. அது பிறர் பேச்சினைத் தொகுக்கும்போது எழவேண்டுவது. 'இக்கூடலை இவர் கண்டால், இது நான் சொன்னதே என்பாரா?' என்பதே அது. நீளம் கருதிச் சொற்களை நீக்குதல் தவறன்று; எல்லாப் பேச்சும் முழுதாய் ஏற இயலாது. ஆனால் நீக்கியதை மறைத்தல் வேறு. எழுத்திலே ஒருவர் கூற்றை இடைவிட்டு எடுத்தாளுங்கால் புள்ளிகள் இட்டு விடுபட்டதைக் குறிக்கின்றோம். படத்தில் அப்புள்ளிகளாவன, சிறிதே குதிக்கும் ஜம்ப் கட்டும், ஒரு கணம் விழும் இருளும். அவை அழகிற் குறைந்தன போலத் தோன்றினும், இங்கே ஒன்று விடுபட்டது என்பதைப் பார்ப்பவர்க்கு ஒளியாமற் கூறுகின்றன. மெல்லிய கரைவோ விடுபட்டதையும் பட்டுத்துணியால் மூடிவிடுகின்றது. ஆகவே, ஒருவர் பேச்சின்மேற் கரைவை இடுங்கால் இருமுறை எண்ணுக.

திருத்திய படத்தை மீண்டும் கொண்டு சென்றபோது, அம்முதியவர் ஒரு குடில் உருவத்தை ஒட்டிக்கொண்டிருந்தனர். முன்பாதியும் பின்பாதியும் வெவ்வேறு அச்சில் எடுக்கப்பட்டவை. இரண்டன் விளிம்பிலும் மண்குழம்பைத் தடவிச் சேர்த்தனர். அக்குழம்பு எந்த மண்ணால் ஆயதென்று வினவினோம். "அதே மண்ணுதான். வேற மண்ணப் போட்டா இப்பத் தெரியாது, சூளையில வெடிச்சிரும்" என்றனர். பின்னர்க் கையைத் துடைத்துக்கொண்டு, எம்மருகே வந்தமர்ந்து, "போடுங்க தம்பி, பாப்போம்" என்றனர். இம்முறை தம் மகனையும் தொலைபேசியில் அழைத்து, அவன் கேட்டுக்கொண்டிருக்கவே பார்த்தனர்.